பின்வரிசைக் குரல்கள் – 7: ஒரே ஒரு ஓட்டு

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தலையை எண்ணித்தான் ஓட்டு. ஆதரிப்பவர்கள் ஒரு கூடம் வழியாகவும் எதிர்ப்பவர்கள் இன்னொரு கூடம் வழியாகவும் நடந்து போவார்கள். வாசலில் நிற்பவர்கள் எண்ணுவார்கள். 1944 மார்ச் 28, செவ்வாய்க்கிழமை அப்படி எண்ணி முடித்தபோது கணக்கு 117க்கு 116. சர்ச்சிலின் போர்க்காலக் கூட்டணி அரசு ஒரே ஓட்டில் தோற்றிருந்தது.

தோற்கடித்தவர் சர்ச்சிலின் கன்சர்வேடிவ் கட்சிக்காரரேதான். கிழக்கு இஸ்லிங்டன் தொகுதி உறுப்பினர் தெல்மா கசலெட்-கீர். அமைச்சர் பதவி ஏதும் இல்லாத பின்வரிசைக்காரர்.

மக்களவை அப்போது இரவல் இடத்தில் இருந்தது. 1941 மே மாதக் குண்டுவீச்சில் சொந்த மண்டபம் எரிந்துபோக, பிரபுக்கள் சபையின் மண்டபத்தில் கூடிக்கொண்டிருந்தார்கள். அங்கேதான் கல்வித் துறைப் பொறுப்பில் இருந்த பட்லரின் கல்வி மசோதா பிரிவு பிரிவாக விவாதத்துக்கு வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டணமில்லாத உயர்நிலைக் கல்வி, 15 வயது வரை கட்டாயப் படிப்பு என்று பெரிய கனவுகள் அதில் இருந்தன. கல்யாணம் ஆனால் ஆசிரியைக்கு வேலை போய்விடும் என்ற பழைய வழக்கத்துக்கும் முடிவு கட்டப்பட்டது.

ஆனால் சம்பளம்? அதே வகுப்பு, அதே பாடம். ஆசிரியைக்குக் கிடைத்ததோ ஆசிரியரின் சம்பளத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. இந்த வேறுபாடு கூடாது என்று 82ஆம் பிரிவிலேயே எழுதிவிடுங்கள் என்றார் தெல்மா. சம்பளத்தைப் பேசி முடிப்பது உள்ளாட்சிகளும் ஆசிரியர் சங்கங்களும் அமரும் பர்ன்ஹாம் குழுவின் வேலை, சட்டம் அதில் கைவைக்கக் கூடாது என்றார் பட்லர். சொல்லாத பயம் ஒன்றும் உண்டு. இன்று ஆசிரியைக்குக் கொடுத்தால், நாளை அரசு அலுவலகத்துப் பெண்களும் கேட்பார்களே!

தெல்மாவின் இந்தத் திருத்தம்தான் அந்த ஒரே ஓட்டில் ஜெயித்தது. மறுநாள் சர்ச்சிலே சபைக்கு வந்துவிட்டார். நார்மண்டி படையெடுப்புக்குப் பத்து வாரமே மிச்சம். திருத்தத்தை நீக்கிப் பழைய வாசகத்தையே வைக்கப்போகிறோம், இது அரசின் மீதான நம்பிக்கை வாக்கெடுப்பு என்று அறிவித்தார். ஆசிரியைக்கு ஓட்டுப் போட்டால், போர் நடுவே பிரதமரைக் கவிழ்ப்பதாக அர்த்தம்!

போரின் விலை தெல்மாவுக்குத் தெரியாததல்ல. முந்தைய ஜூலையில்தான் ஜிப்ரால்டரில் விழுந்த விமானத்தில் அவருடைய அண்ணனும் சக உறுப்பினருமான விக்டர் இறந்திருந்தார்.

மார்ச் 30, வியாழக்கிழமை. மறுபடி அதே இரண்டு கூடங்கள், அதே தலைக்கணக்கு. அரசுக்கு 425. எதிராக 23.

அந்த 23 பேரில் தெல்மா இல்லை.

(தொடரும்)