பழைய கணினிக்கு ஒரு கிராபிக்ஸ் கார்ட்: வாங்க முன்னும் பூட்ட முன்னும்

வடக்கு, கிழக்கில் காணொளி வெட்டித் தொகுக்கிற பலருடைய மேசையில் இருப்பது புதுக் கணினி அல்ல. அலுவலகங்களில் சில வருடம் ஓடிவிட்டு, பாவித்த பொருளாகக் கடைக்கு வந்த டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்.பி., லெனோவோ பெட்டிகள்தான். 2022 இல் டொலரின் பெறுமதி 200 ரூபா அளவில் இருந்து 360 ரூபாவைத் தாண்டிய பிறகு புதிதாக ஒன்று வாங்குவது இன்னும் எட்டாத விடயமாகிவிட்டது. அந்தப் பெட்டிகளுக்குள்தான் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களுடைய தொடர் போராட்டம், காணி விடுவிப்புப் போராட்டங்கள், நினைவேந்தல்கள், தாய்மார் தந்த நேர்காணல்கள் என்று வருடக்கணக்கான பதிவுகள் கிடக்கின்றன.

'கணினி இழுக்குது, கிராபிக்ஸ் கார்ட் போட்டால் சரிவருமா?' என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். சில வேலைகளுக்குச் சரிவரும், எல்லாவற்றுக்கும் வராது. சரிவரும் என்றால் அது வீட்டிலேயே ஒரு ஸ்குரூ ட்ரைவரோடு முடிகிற வேலை. பலர் தெரியாத வேலை என்று பயந்து, பிறருடைய சாட்சியங்கள் நிறைந்த கணினியை அப்படியே கடையில் விட்டுவிட்டு வருகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

தொகுப்பு மென்பொருளில் காணொளியை ஓடவிட்டு, விண்டோஸின் டாஸ்க் மனேஜரைத் திறந்து 'பெர்ஃபோமன்ஸ்' பகுதியைப் பாருங்கள். ரேம் நிரம்பி நிற்கிறது என்றால் கிராபிக்ஸ் கார்ட் உதவாது. 4 ஜி.பி. ரேமோடு தொகுப்பு வேலை செய்வது கடினம். 8 ஜி.பி. குறைந்த அளவு, 16 ஜி.பி. இருந்தால் நிம்மதி. டிஸ்க் 100 வீதத்தில் நிற்கிறது என்றால், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கை விட்டு விண்டோஸை எஸ்.எஸ்.டி.க்கு மாற்றுவதே முதல் வைத்தியம்.

புரொசசர் 100 வீதத்தில் நின்று படம் விட்டுவிட்டு ஓடினால், காரணம் பெரும்பாலும் கைத்தொலைபேசியில் இருக்கும். இன்றைய தொலைபேசிகள் பல எச்.இ.வி.சி. என்ற முறையில் காணொளியைச் சுருக்கிப் பதிகின்றன. அதை விரித்துக் காட்டுவதற்கான தனிப் பகுதி இன்டெல்லின் பழைய புரொசசர்களில் முழுமையாக இல்லை. 6 ஆம் தலைமுறையில்தான் 8 பிட் எச்.இ.வி.சி.க்கும், 7 ஆம் தலைமுறையில் 10 பிட்டுக்கும் அது வந்தது. ஐ5-4570 என்று இருந்தால், கோட்டுக்குப் பின் வரும் 4 தான் தலைமுறை. அப்படிப்பட்ட கணினிக்கு ஒரு சிறிய கிராபிக்ஸ் கார்ட் உண்மையான மாற்றத்தைத் தரும்.

காசு செலவழிக்க முன் இரண்டு வழிகளை முயன்று பாருங்கள். ஐபோனில் கமரா அமைப்பில் 'மோஸ்ட் கொம்பாட்டிபிள்' என்பதைத் தெரிவு செய்தால் அது பழைய எச்.264 முறையில் பதியும். கேடென்லைவ், ஷொட்கட், டாவின்சி ரிசொல்வ் ஆகிய மூன்றிலும் 'புரொக்ஸி' வசதி உண்டு. மூலக் காணொளிக்குச் சிறிய நகல் ஒன்றை உருவாக்கி, அதை வைத்துத் தொகுத்து, கடைசியில் மூலத்தில் இருந்தே வெளியீட்டை எடுக்கலாம். பலருக்கு இதுவே போதும்.

75 வாட் என்ற எல்லை

கார்ட்தான் தேவை என்று முடிவெடுத்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது பவர் சப்ளை. கணினியின் மதர்போர்டில் கிராபிக்ஸ் கார்டுக்கான நீண்ட துவாரம், அதாவது பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் எக்ஸ்16, உச்சமாக 75 வாட் மின்சாரம் தரும். அதற்கு மேல் தேவைப்படும் கார்ட்களுக்கு பவர் சப்ளையில் இருந்து தனி வயர் வர வேண்டும். 6 பின் வயர் மேலும் 75 வாட்டும், 8 பின் வயர் 150 வாட்டும் தரும். அலுவலகப் பெட்டிகள் பலவற்றில் இந்த வயர்கள் இல்லை. ஒப்டிபிளெக்ஸ் 7010 இன் சிறிய பெட்டிக்குள் இருப்பது 240 வாட் பவர் சப்ளை, 9020 இல் 255 வாட். ஆகவே தனி வயர் கேட்காத, 75 வாட்டுக்குள் அடங்கும் கார்ட்களை மட்டும் தேடுங்கள். மாற்று வயர் போட்டு ஓட்டலாம் என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள். பலவீனமான பவர் சப்ளை எரிந்தால் மதர்போர்டையும் டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுபோகலாம்.

பெட்டியின் அளவும் முக்கியம். ஒடுங்கிய பெட்டி என்றால் 'லோ புரொஃபைல்' எனப்படும் அரை உயரக் கார்ட்தான் உள்ளே போகும். கார்டின் தடிப்புக்கு ஒரு துவாரத்தின் இடம் போதுமா, இரண்டு தேவையா என்பதையும் அளந்து பாருங்கள்.

எதைத் தேடுவது?

75 வாட்டுக்குள் அடங்கும் கார்ட்களில் பாவித்த சந்தையில் தேடக்கூடியவை என்விடியாவின் ஜி.ரி.எக்ஸ். 1050 ரி.ஐ. (2016), ஜி.ரி.எக்ஸ். 1650 (2019) ஆகியவை. இரண்டும் 4 ஜி.பி. நினைவகத்தோடு வருபவை, இரண்டும் எச்.இ.வி.சி.யை விரிக்கவும் சுருக்கவும் கூடியவை. இவற்றிலேயே தனி வயர் கேட்கும் தயாரிப்புகளும் உண்டு என்பதால், கார்டின் மேல் விளிம்பைப் பார்த்து வாங்குங்கள்.

ஜி.ரி. 1030 மலிவானது, 30 வாட் மட்டுமே எடுப்பது. காணொளியை ஓட்டிக் காட்டும், ஆனால் வெளியீட்டை வேகமாக்கும் சுருக்கும் பகுதி அதில் இல்லை. ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 6400 க்கும் அதே குறை. இன்டெல் ஆர்க் ஏ380 காணொளி வேலைக்கு மிக நல்லது, ஆனால் 'ரீசைசபிள் பார்' என்ற வசதி இல்லாத பழைய மதர்போர்டில் அதன் வேகம் நன்றாகக் குறைந்துவிடும். ஜி.ரி. 710, 730 போன்றவை இந்த வேலைக்குக் காசைக் கரியாக்குபவை.

உங்கள் மொனிட்டரில் நீல நிற வி.ஜி.ஏ. இணைப்பு மட்டும் இருந்தால், இந்தக் கார்ட்களில் அதை நேரே செருக முடியாது. எச்.டி.எம்.ஐ.யில் இருந்து வி.ஜி.ஏ.க்கு மாற்றும் சிறிய கருவி ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். வெறும் வயர் போதாது, உள்ளே மின்சுற்று உள்ள கருவி வேண்டும்.

பாவித்த கார்ட் வாங்கும்போது போலி குறித்துக் கவனமாக இருங்கள். பழைய ஜி.ரி.எஸ். 450 போன்ற கார்ட்களுக்குள் பொய்ப் பெயரைப் பதிந்து 1050 ரி.ஐ. என்று விற்பது உலகம் முழுக்க நடக்கும் மோசடி. ஜி.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருளை யு.எஸ்.பி.யில் கொண்டுபோய், கடைக் கணினியில் கார்டைப் பூட்டி ஓடவிட்டுப் பாருங்கள். அறியப்பட்ட போலிகளை அது 'ஃபேக்' என்று காட்டும். 1050 ரி.ஐ.யில் வி.ஜி.ஏ. துவாரம் இருந்தாலே சந்தேகப்படுங்கள். கார்டைப் பார்க்கப் போகும்போது உங்கள் கணினியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

திறக்க முன்: பதிவுகள்

பெட்டியைத் திறக்க முன் பதிவுகளை இரண்டு வெளி டிஸ்க்குகளில் நகலெடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். இடம்பெயர்வுகளின்போது குடும்பப் படம் ஒன்றையேனும் கொண்டுவர முடியாமல் போனவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. வெரா கிரிப்ட் போன்ற இலவச மென்பொருளால் அந்த டிஸ்க்குகளைப் பூட்டிவிடலாம். கடவுச்சொல்லை மறந்தால் மீட்க வழி இல்லை என்பதை மட்டும் மறவாதீர்கள்.

கட்டாயம் கடைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றால் ஹார்ட் டிஸ்க்கையும் எஸ்.எஸ்.டி.யையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொடுங்கள். கார்டைப் பூட்டித் திரையில் படம் வருகிறதா என்று பார்க்க டிஸ்க் தேவையில்லை. முகத்தை மறைத்து வெளியிட்ட நேர்காணலின் மறைக்காத மூலம் உங்கள் டிஸ்க்கில்தான் இருக்கிறது. அந்த அம்மா நம்பியது உங்களை, கடைக்காரரை அல்ல.

பூட்டுவது

கணினியை நிறுத்தி, மின் வயரைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில வினாடி அழுத்துங்கள். மிச்ச மின்சாரம் வெளியேறிவிடும். பெட்டியின் உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பின்பக்கத் தகட்டைக் கழற்றி, எக்ஸ்16 துவாரத்தில் கார்டை நேராக வைத்து, 'டிக்' என்று பிடிக்கும் வரை இரு பக்கமும் சமமாக அழுத்தி, ஸ்குரூவைப் பூட்டுங்கள். மொனிட்டர் வயரை மதர்போர்டில் அல்ல, கார்டிலேயே செருக வேண்டும். பிறகு தயாரிப்பாளரின் தளத்தில் இருந்து ட்ரைவரை இறக்கி நிறுவுங்கள்.

திரை இருட்டாக இருந்தால் கார்டைக் கழற்றி மீண்டும் அழுத்திப் பூட்டிப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் பயோஸ் பழையதாக இருக்கலாம். அதைப் புதுப்பிக்கும் நடுவே மின்சாரம் நின்றால் மதர்போர்ட் செத்துப்போகலாம் என்பதால் யு.பி.எஸ். இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

கார்டால் முடியாதது

விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல் 8 ஆம் தலைமுறைக்கு முந்திய புரொசசர்களைப் பொதுவாக ஏற்பதில்லை. இதைக் கிராபிக்ஸ் கார்ட் மாற்றாது. ஆகவே பழைய பெட்டியைத் தொகுப்புக்கு மட்டும் வைத்து, இன்ரநெற்றைத் துண்டித்துவிடுங்கள். தகவல் தருபவர்களோடு தொடர்புகொள்வதற்கும் மின்னஞ்சலுக்கும் வேறு கருவியைப் பாவியுங்கள். அல்லது லினக்ஸுக்கு மாறுங்கள், கேடென்லைவ் அதில் நன்றாக ஓடும்.

கார்டின் விலை, 8 ஆம் தலைமுறைப் பெட்டி ஒன்றின் விலையில் பாதியைத் தாண்டினால் கார்டை விட்டுவிட்டு அந்தப் பெட்டிக்குச் சேர்ப்பதே புத்திசாலித்தனம். அப்போது பழைய பெட்டியை விற்கலாம். ஆனால் அதன் டிஸ்க்கை விற்காதீர்கள். அழித்த கோப்புகளைப் பல நேரம் மீட்டெடுக்க முடியும்.