பாட மறுத்த அண்டங்காக்கை: ஸ்டீவன் வில்சனின் இசைத்தொகுப்பு

‘தி ரேவன் தட் ரிஃப்யூஸ்டு டு சிங் (அண்ட் அதர் ஸ்டோரீஸ்)’ இங்கிலாந்து இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சனின் மூன்றாவது தனி ஆல்பம். கேஸ்கோப் நிறுவனம் 2013 பிப்ரவரியில் இதை வெளியிட்டது. மொத்தம் ஆறு பாடல்கள். ஏறத்தாழ 55 நிமிடம். ஒவ்வொரு பாடலும் ஒரு பேய்க்கதை. செத்த பிறகும் வழக்கமான தெருமுனைக்கு வந்து வாசிக்கும் பாடகன், சாத்தானோடு குடிப்போட்டி வைத்துத் தோற்கும் பக்திமான், மனைவியைக் கொன்று வீட்டுத் தரைப்பலகைக்கு அடியில் புதைத்த கடிகாரக்காரர் என்று ஒரு துயர வரிசை. ப்ராக்ரெசிவ் ராக் ரசிகர்கள் இந்த ஆல்பத்தின் ஆர்கெஸ்ட்ரா செழுமையை அடிக்கடி சொல்லிப் பாராட்டுகிறார்கள். பாராட்டு நியாயமானதே. ஆனால் அந்தச் செழுமை வந்த வழி சிக்கனம். வயலின்கள் எங்கே காத்திருக்கின்றன, எங்கே வாய் திறக்கின்றன என்பதைக் கவனித்துக் கேட்டால்தான் ஆல்பத்தின் அழகு முழுதாகப் பிடிபடும்.

இதன் அருமையை உணர முந்தைய வரலாறு கொஞ்சம் தெரிய வேண்டும். ராக் குழுவையும் ஆர்கெஸ்ட்ராவையும் சேர்த்து வைக்க நடந்த முயற்சிகளில் பல, இரண்டும் ஒட்டாமலே நின்ற கதைகள். 1967இல் மூடி புளூஸ் குழு ‘டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்டு’ வெளியிட்டபோது, பீட்டர் நைட் எழுதிய ஆர்கெஸ்ட்ரா பகுதிகள் பெரும்பாலும் பாடல்களுக்கு இடையே பாலமாகத்தான் இருந்தன. 1969இல் டீப் பர்ப்பிள் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவுடன் வாசித்தது. அதற்காக ஜான் லார்ட் எழுதிய கான்செர்ட்டோவின் முதல் பகுதியில் இரு தரப்பும் எதிராளிகளைப் போல மாறி மாறி முழங்குகின்றன. 1977இல் எமர்சன், லேக் அண்ட் பால்மர் சுமார் 70 பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ராவைச் சுற்றுப்பயணத்துக்குக் கூட்டிப்போய், செலவு தாங்காமல் பாதியில் அனுப்பிவிட்டார்கள். ஆர்கெஸ்ட்ராவைக் கௌரவத்தின் அடையாளமாக வைத்துக்கொண்ட காலம் அது. அடையாளத்துக்கு அளவு தேவைப்பட்டது.

அதே ஆண்டுகளில் இன்னொரு வழியும் இருந்தது: மெல்லோட்ரான். 1963இல் பர்மிங்ஹாமில் தயாரான விசைப்பலகைக் கருவி அது. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு துண்டு காந்த நாடா. அதில் நிஜ வயலின் அல்லது புல்லாங்குழல் ஒற்றை ஸ்வரமாகப் பதிவாகியிருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். எட்டு வினாடி போல ஓடி முடிந்துவிடும். விட்டால் ஸ்பிரிங் அதை இழுத்துப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகும். நாடாவின் ஓட்டம் துல்லியமாக இராது என்பதால் சுருதி மெல்லத் தள்ளாடும். என்றோ வாசித்து முடித்த வயலின்காரரின் ஒலி, இன்று ஒருவர் விரலுக்குக் கீழே நடுங்கிக்கொண்டு எழுகிறது. பேய்க்கதைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடைக்காது. வில்சன் இந்த ஆல்பத்துக்குப் பயன்படுத்தியது கிங் கிரிம்சன் குழுவின் பழைய மெல்லோட்ரானையே. இன்னொரு பக்கம், லண்டன் செஷன் ஆர்கெஸ்ட்ராவின் நிஜ ஸ்ட்ரிங்ஸும் ஆல்பத்தில் உண்டு. அவற்றின் இசைக்கோப்பு டேவ் ஸ்டூவர்ட்டுடையது. யூரித்மிக்ஸ் குழுவில் இருந்த டேவ் ஸ்டூவர்ட் வேறொருவர்; இவர் எக், ஹாட்ஃபீல்ட் அண்ட் தி நார்த் குழுக்களில் கீபோர்டு வாசித்தவர். ஆக, ஒரே ஆல்பத்தில் இரண்டு வகை வயலின்: ஒன்று நினைவின் ஒலி, மற்றது உயிருள்ள மூச்சு. என் கணிப்பில் ஆல்பத்தின் மைய உத்தி இந்த வேறுபாடுதான்.

‘டிரைவ் ஹோம்’ பாடலில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். இரவில் காரோட்டும் ஒருவன். பக்கத்து இருக்கையில் இருந்தவள் திடீரென்று இல்லை. உண்மையில் விபத்தில் அவள் இறந்ததை அவன் மனம் மூடி மறைத்திருக்கிறது. இங்கே ஸ்ட்ரிங்ஸ் சோகத்தை உரக்க அறிவிப்பதில்லை. நீண்ட வில்லிழுப்பில் பாட்டுக்குக் கீழே தரை போலப் பரவிக் கிடக்கின்றன. அதனால்தான் கடைசியில் கத்ரி கோவனின் கிட்டார் ஸோலோ எழும்பும்போது, அடக்கிவைத்த அழுகை உடைந்தது போலக் கேட்கிறது. தலைப்புப் பாடல் இன்னும் துணிச்சலானது. சாகும் தறுவாயில் ஒரு கிழவர், சிறு வயதில் இறந்த அக்காவை நினைத்துக்கொண்டிருக்கிறார். தோட்டத்துக்கு வரும் அண்டங்காக்கை அவள்தான் என்று நம்பி, அது பாட வேண்டுமென்று கெஞ்சுகிறார். தயங்கித் தயங்கி விழும் பியானோ, ஏறக்குறைய முணுமுணுப்பாக ஒரு குரல், இவ்வளவுதான் வெகுநேரம். ஸ்ட்ரிங்ஸ் படிப்படியாக ஏற, டிரம்ஸ் வெகு தாமதமாக வந்து சேர்கிறது. பறவை கடைசிவரை வாய் திறக்கவில்லை. அவர் கேட்ட பாட்டு ஸ்ட்ரிங்ஸில் ஒலிக்கிறது. அதே 2013இல் வந்த ‘டிரைவ் ஹோம்’ இபியில் இப்பாடலின் ஆர்கெஸ்ட்ரா வடிவம் இருக்கிறது. ஸ்டூவர்ட்டின் கோப்பை நெருங்கிக் கேட்க விரும்புவோருக்கு அது நல்ல வாசல்.

இந்த ஆல்பம் 1970களின் நகல் என்பது பலமான ஆட்சேபம். மெல்லோட்ரான், தியோ டிராவிஸின் புல்லாங்குழல், சாக்ஸபோன், பன்னிரண்டு நிமிடம் ஓடும் ‘லுமினால்’, ஒலிப்பதிவுக்கு ‘டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பத்தைப் பதிவுசெய்த ஆலன் பார்சன்ஸ் என்று சாட்சியங்களும் குவிந்து கிடக்கின்றன. வில்சன் கிங் கிரிம்சன், ஜெத்ரோ டல் ஆல்பங்களை மறுகலவை செய்தவரும்கூட. கடன் உண்டு, மறுக்க முடியாது. ஆனால் அந்த மறுகலவைப் பணியில் பழைய பதிவுகளை ஒவ்வொரு தடமாகப் பிரித்துக் கேட்ட காது, எந்தக் கருவி எதை மறைக்கிறது என்று கற்றுக்கொண்ட காது. பழைய ஆல்பங்கள் பலவற்றில் மெல்லோட்ரான் ஆர்கெஸ்ட்ராவுக்கு மலிவான பதிலி. இங்கே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று இருவேறு பொருள் தருகின்றன. நகலெடுப்பவருக்கு இந்த வித்தியாசம் தேவைப்பட்டிருக்காது. குழுவும் 2012 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் ஈஸ்ட்வெஸ்ட் ஸ்டுடியோவில் பெரும்பகுதியைச் சேர்ந்து அமர்ந்தே வாசித்தது. மார்கோ மின்னமனின் டிரம்ஸிலும் நிக் பெக்ஸின் பேஸிலும் கேட்கும் பதற்றம் அருங்காட்சியகப் பொருளுக்கு உரியதல்ல.

வயலின் என்றாலே கண்ணீரை வரவழைக்கும் சுலப வழி என்பது இன்னொரு குறை. பாடல் முழுக்க வயலின் வழிந்தால் குறை நியாயமே. ஆனால் இங்கே அப்படி இல்லை. ‘தி ஹோலி டிரிங்கர்’ போன்ற பாடலின் முரட்டு வேகத்தில் உருக்கத்துக்கு இடமே இல்லை. அந்த வறட்சிக்குப் பிறகு வருவதால்தான் இறுதிப் பாடலின் ஸ்ட்ரிங்ஸ் அவ்வளவு ஆழமாக இறங்குகிறது. எனவே பாடல்களைத் தனித்தனியே பொறுக்காமல் வரிசையாக, ஒரே அமர்வில் கேட்பது நல்லது. 2015இல் வந்த ‘ஹேண்ட். கேனாட். இரேஸ்.’ ஆல்பத்திலும் வில்சனும் ஸ்டூவர்ட்டும் இதே ஆர்கெஸ்ட்ராவுடன் வேலை செய்தார்கள். அங்கே குடும்பத்தை இழந்த தாயின் பாடலான ‘ரொட்டீன்’இல் சிறுவர்களின் குரல்களும் வந்து சேர்கின்றன.