நோயுற்றோருக்கான ஜெபம்: கிறிஸ்தவ ஆறுதல் மரபின் வளர்ச்சி

நோயுற்றவர் சபையின் மூப்பர்களை வரவழைக்க வேண்டும், அவர்கள் எண்ணெய் பூசி அவருக்காக ஜெபிக்க வேண்டும் என்பது புதிய ஏற்பாட்டில் யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் தரும் அறிவுரை. நோய், ஜெபம், ஆறுதல் மூன்றையும் இணைத்துக் கிறிஸ்தவம் வளர்த்த நடைமுறைகள் பெரும்பாலும் இந்தச் சில வரிகளிலிருந்து கிளைத்தவை. அங்குள்ள ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. துன்பப்படுகிறவர் தாமே ஜெபிக்கட்டும் என்று முந்தைய வசனத்தில் சொல்லும் நிருபம், நோயாளி என்று வந்ததும் பிறரை அழைக்கச் சொல்கிறது. படுத்திருப்பவரிடம் எதிர்பார்ப்பது அழைப்பு ஒன்றுதான். ஜெபத்தின் சுமையைச் சபை ஏற்றுக்கொள்கிறது. பின்வந்த நூற்றாண்டுகளில் இந்த ஏற்பாடு மறைந்தும் மீண்டும் தலைகாட்டியும் வந்திருக்கிறது.

இந்த மரபுக்கு மூலமுதல் யூதர்களின் சங்கீதங்கள். நூற்றைம்பது சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். எலும்புகள் நடுங்குவதையும், கண்ணீரால் படுக்கை நனைவதையும், நண்பர்கள் விலகி நிற்பதையும் அவை ஒளிக்காமல் கடவுளிடம் முறையிடுகின்றன. 102-ஆம் சங்கீதத்தின் தலைப்பே சோர்ந்துபோன எளியவனின் விண்ணப்பம் என்று அதை அறிமுகப்படுத்துகிறது. 88-ஆம் சங்கீதம் கூக்குரலில் தொடங்கி இருளிலேயே முடிகிறது; பிற புலம்பல்களில் இறுதியில் வரும் நன்றியறிதல் அதில் இல்லை. அப்படிப்பட்ட பாடலையும் வழிபாட்டு நூலில் விட்டுவைத்ததே பெரிய ஆறுதல். நம்பிக்கை மங்கிய நிலையில் சொல்லப்படுவதும் ஜெபமே என்பதற்கு அதுவே சான்றாயிற்று. வேதாகமத்தின் பிற பகுதிகளிலும் இதே போக்கு உண்டு. சாவை வேண்டிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் உபதேசம் செய்யவில்லை, அப்பமும் தண்ணீரும் கொடுத்து மறுபடியும் உறங்கவிட்டான். தம் உடலில் முள்ளாய்க் குத்திய துன்பம் நீங்க மும்முறை வேண்டிய பவுலுக்குக் கிடைத்தது அதைத் தாங்கும் கிருபைதான். கெத்செமனே தோட்டத்தில் இயேசு தம்மோடு விழித்திருக்கும்படி சீடர்களைக் கேட்டுக்கொண்டார்; அவர்களோ உறங்கிப்போனார்கள்.

முதல் ஐந்து நூற்றாண்டுகளில் எண்ணெய் பூசுதலின் நோக்கம் நலம்பெறுவதே. 4-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் துமுயிஸ் ஆயர் செராப்பியோன் பெயரில் வழங்கும் ஜெபத் தொகுப்பில் நோயாளிகளுக்கான எண்ணெயையும் தண்ணீரையும் ஆசீர்வதிக்கும் ஜெபங்கள் உள்ளன. 416-இல் திருத்தந்தை முதலாம் இன்னசென்ட், குப்பியோ ஆயர் தெசென்சியுசுக்கு எழுதிய கடிதத்தில், ஆயர் மந்திரித்த எண்ணெயைக் குருக்கள் மட்டுமன்றி எல்லாக் கிறிஸ்தவரும் தமக்கும் தம் வீட்டாருக்கும் பயன்படுத்தலாம் என்கிறார். தாய் பிள்ளைக்கும் கணவன் மனைவிக்கும் எண்ணெய் தடவி ஜெபித்த காலம் அது. மருத்துவத்துக்கும் இதற்கும் பகை இருக்கவில்லை. செசரியா ஆயர் பசிலியார் ஏறத்தாழ 370-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நகருக்கு வெளியே எழுப்பிய விடுதியில் நோயாளிகளும் தொழுநோயாளிகளும் பராமரிக்கப்பட்டனர். மருத்துவக் கலையும் கடவுளின் கொடையே, ஆனால் நம்பிக்கை முழுவதையும் மருத்துவர் மேல் வைக்கலாகாது என்று அவர் தம் துறவற விதிகளில் எழுதினார்.

மனச்சோர்வைப் பற்றிய கூர்மையான சிந்தனை பிறந்தது எகிப்தியப் பாலைவனத்தில். அதன் முதன்மை ஆசிரியர் போந்துஸ் நாட்டவரான எவாக்ரியுஸ். கான்ஸ்டாண்டிநோபிளில் பேர்பெற்ற பேச்சாளராக இருந்து, எருசலேமுக்கு ஓடிவந்தவர் அங்கே மாதக்கணக்கில் காய்ச்சலில் விழுந்தார். மருத்துவர்கள் கைவிரித்தபின் மெலானியா என்ற துறவி அவருக்காக ஜெபித்தார். தேறி எழுந்ததும் எவாக்ரியுஸ் துறவறம் பூண்டு எகிப்துக்குச் சென்றார் என்று அவருடைய சீடர் பலாதியுஸ் எழுதியுள்ளார். 399-இல் இறக்கும்வரை கெல்லியா துறவிக் குடியிருப்பில் வாழ்ந்த அவர், மனிதரைத் தாக்கும் எட்டுத் தீய எண்ணங்களை வகுத்தார். அவற்றுள் மிகக் கொடியது கிரேக்கத்தில் அக்கேடியா எனப்பட்ட சோர்வு.

நண்பகலில் அது வரும். பொழுது நகராததுபோல் தோன்றும். கண் அடிக்கடி சன்னலுக்கு வெளியே போகும். இருக்கும் இடமும் செய்யும் வேலையும் கசக்கும். சகோதரர்களின் அன்பு வற்றிவிட்டது, தேற்ற ஒருவருமில்லை என்ற எண்ணம் மனத்தைப் பிடிக்கும். எவாக்ரியுஸ் வரையும் இச்சித்திரம் இன்று நெடுங்காலப் பணியில் தளர்ந்துபோன செவிலியருக்கோ, நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கோ அந்நியமாகத் தோன்றாது. அவர் சொன்ன மருந்து, இடத்தைவிட்டு ஓடாமை, கைவேலை, கண்ணீர், குறுகிய ஜெபம். சோர்வு மேலிடும்போது ஆன்மா தன்னை இரண்டாகப் பிரித்துக்கொண்டு, ஒரு பாதி மறு பாதியைச் சங்கீத வாக்கால் தேற்ற வேண்டும் என்றும் எழுதினார். ஒவ்வொரு தீய எண்ணத்துக்கும் பதிலாகச் சொல்லத்தக்க ஐந்நூறை நெருங்கும் வேத வாக்கியங்களை அவர் தனி நூலாகவே திரட்டினார். நீண்ட தியானத்துக்குத் திராணியற்றவருக்கு ஒரே வாக்கியம் போதும் என்ற புரிதல் அந்நூலுக்கு அடிப்படை. அதே பாலைவன மரபில் சின்க்லெடிக்கா அம்மையாரின் மொழிகள் உடல்நோயைத் தொடுகின்றன. நோயால் நின்று ஜெபிக்கவும் சங்கீதம் பாடவும் முடியவில்லை என்று வருந்த வேண்டாம், நோயைப் பொறுத்துக்கொள்வதே பெரிய தவம் என்கிறார் அவர்.

எவாக்ரியுசின் போதனையை 5-ஆம் நூற்றாண்டில் யோவான் காசியான் இலத்தீன் உலகுக்குக் கொண்டுசென்றார். 6-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரிய கிரகோரியார் எண்ணங்களின் பட்டியலைத் திருத்தியமைத்தபோது அக்கேடியா துயரத்தோடு கலந்தது. பின்னர் அது ஏழு தலையாய பாவங்களுள் சோம்பல் என்ற இடத்தில் நிலைபெற்றது. இந்த மாற்றத்தின் விளைவு நல்லதன்று. ஆறுதல் தேவைப்படும் துன்பமாக இருந்தது கண்டிக்க வேண்டிய குற்றமாயிற்று. தளர்ந்த மனத்தைப் பார்த்து விசுவாசக் குறைவு என்று சொல்லும் பழக்கத்தின் ஒரு வேர் இங்கே இருக்கிறது.

எண்ணெய் பூசுதலும் காலப்போக்கில் சுருங்கியது. 9-ஆம் நூற்றாண்டில் அது குருக்களுக்கே உரியதாயிற்று. பாவசங்கீர்த்தனத்தோடும் மரணத் தறுவாயோடும் பிணைந்தது. 1439-இல் ஃப்ளோரன்ஸ் பொதுச்சங்கம், சாவு அஞ்சப்படும் நோயாளிக்கு மட்டுமே அதைத் தர வேண்டும் என்று வரையறுத்தது. 1551-இல் திரெந்து சங்கம் சொற்களைச் சற்றுத் தளர்த்தியும் நடைமுறை மாறவில்லை. தமிழ்க் கத்தோலிக்க வீடுகளிலும் அவஸ்தைப்பூசுதல் என்றே அது வழங்கியது. குருவானவர் எண்ணெயோடு வருவதைக் கண்டால் வீட்டார் அழத் தொடங்கும் நிலை உண்டாயிற்று.

அந்த இடைக்காலத்திலும் நோயாளியின் அருகிலிருந்து ஜெபிக்கும் மரபு முற்றும் அற்றுப்போகவில்லை. 15-ஆம் நூற்றாண்டில் பரவிய ‘ஆர்ஸ் மொரியெண்டி’ என்ற கையேடுகள், இறப்பவரை அவநம்பிக்கை சோதிக்கும்போது உடனிருப்போர் எவ்வாறு ஜெபிக்க வேண்டும் என்று கற்பித்தன. இசன்ஹைம் மடத்தில் அந்தோனியார் சபைத் துறவிகள், பூஞ்சை பிடித்த ரை தானியத்தால் வரும் நச்சுநோய்க்கு ஆளானவர்களைப் பராமரித்தனர். அவர்களுக்காகவே 1512-க்கும் 1516-க்கும் இடையில் குரூனவால்ட் தீட்டிய பீடச் சித்திரத்தில் சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவின் மேனி முழுவதும் புண்கள். நோயாளிகள் தங்கள் தோலையே அந்த உடலில் கண்டார்கள்.

சீர்திருத்தக் காலத்தில் மார்ட்டின் லூதர் இப்பொருளில் நிறைய எழுதியவர். 1519-இல் சாக்சனி இளவரசர் பிரடெரிக் கடுமையாக நோயுற்றபோது, பதினான்கு புனிதரை நோக்கி வேண்டும் வழக்கத்துக்கு மாற்றாகப் பதினான்கு ஆறுதல்கள் கொண்ட நூலை எழுதினார். அது 1520-இல் அச்சாயிற்று. 1527-இல் அவரே உடல்தளர்ச்சியாலும் உள்ளத்தின் கொடிய கலக்கத்தாலும் வீழ்ந்தார். அந்த அனுபவத்தின் தடம் அவருடைய கடிதங்களில் தெரிகிறது. மனச்சோர்வில் இருந்த ஹியரோனிமுஸ் வெல்லருக்கு 1530-இல் எழுதுகையில், தனிமையைத் தவிர்க்கும்படி வற்புறுத்தினார். 1545-இல் ஒரு போதகர், மருத்துவர்களால் தேற்ற முடியாத மனநோயாளி ஒருவரைப்பற்றி ஆலோசனை கேட்டார். துணைக்குருவோடும் நல்லவர்கள் இரண்டு மூன்று பேரோடும் அந்த வீட்டுக்குப் போய், நோயாளிமேல் கை வைத்து ஜெபிக்கவும், மூன்று நாள் இதைச் செய்யவும், ஆலயத்திலும் பொதுவில் வேண்டுதல் செய்யவும் லூதர் பதில் எழுதினார். யாக்கோபு நிருபம் வகுத்த முறை, எண்ணெய் பூசுதலை மட்டும் விட்டுவிட்டு, மனநோய்க்கு நீட்டப்பட்டது இங்கேதான். இந்த வரலாற்றில் இதைவிட முக்கியமான கடிதம் அரிது.

இங்கிலாந்தில் 1549-இன் பொது ஜெபநூல் நோயாளி விரும்பினால் எண்ணெய் பூச இடமளித்தது. 1552-இன் திருத்தப் பதிப்பு அதை நீக்கிவிட்டது. மனத்துயர் பற்றிய ஆழ்ந்த அறிவு பியூரிட்டன் போதகர்களிடம்தான் வளர்ந்தது. ரிச்சர்ட் பாக்ஸ்டர் 1673-இல் வெளியிட்ட ‘கிறிஸ்டியன் டைரக்டரி’யில், மனச்சோர்வுற்றோர் தங்கள் சக்திக்கு மீறித் தனியறையில் நீண்ட தியானமும் ஜெபமும் செய்யலாகாது என்று எச்சரித்தார், முறிந்த கால் கூடும்வரை அதன்மேல் நடக்கலாகாது என்பதே அவர் தந்த விளக்கம். சுருங்க ஜெபிக்கவும், நல்ல துணையோடு இருக்கவும், மருந்து உட்கொள்ளவும் சொன்னார். தாமே அந்நோயில் வாடிய இலண்டன் போதகர் திமோத்தி ராஜர்ஸ் 1691-இல் எழுதிய நூலில் நண்பர்களை நோக்கிப் பேசினார். நோயாளியைக் கடிந்துகொள்ள வேண்டாம், அவரால் செய்ய இயலாததைச் செய்யும்படி வற்புறுத்த வேண்டாம், அவருக்காக ஜெபியுங்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். பக்தர்கள் எல்லாரும் இறுதியில் ஒளி கண்டார்கள் என்றும் சொல்லமுடியாது. ‘ஓல்னி’ பாடல் தொகுப்பில் (1779) ஜான் நியூட்டனோடு சேர்ந்து எழுதிய கவிஞர் வில்லியம் கௌப்பர், கடவுள் தம்மைக் கைவிட்டார் என்ற எண்ணத்திலிருந்து மீளாமலே 1800-இல் இறந்தார். அவர் எழுதிய பாடல்களால் தேறியவர்கள் எத்தனையோ பேர்.

தமிழகத்தில் 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த மறைப்பணியாளர் சீகன்பால்கு தொடங்கிய வேதாகம மொழிபெயர்ப்பைப் பெஞ்சமின் சூல்ச் நிறைவு செய்தபோது, 1720-களின் இறுதிக்குள் சங்கீதங்களும் தமிழில் அச்சாயின. நோய்ப்படுக்கையிலிருந்தே பிறந்த ஆறுதல் எழுத்துக்கு இம்மண்ணின் பெரிய உதாரணம் ஏமி கார்மைக்கேல். அயர்லாந்தில் பிறந்து 1895-இல் இந்தியா வந்து, டோனாவூரில் குழந்தைகளுக்கு அம்மாவாக வாழ்ந்த அவர், 1931 அக்டோபர் 24 அன்று களக்காட்டில் இருளில் குழியில் விழுந்து கால் முறிந்தார். 1951-இல் இறக்கும்வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலும் அறைக்குள்ளேயே கழிந்தன. 1933-இல் வெளிவந்த ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ நோயாளி ஒருவர் நோயாளிகளுக்கு எழுதிய கடிதங்களின் தொகுப்பு. நோயாளிகளுக்கென எழுதப்பட்ட பக்தி நூல்களில் பல சுகமாக இருப்பவர்கள் எழுதியவை, வலியில் கிடப்பவரை அவை எட்டவில்லை என்று அவர் உணர்ந்தார். குணமாகும்படி அவருக்காக நிறையப் பேர் ஜெபித்தார்கள், குணம் வரவில்லை. அதை மறைக்காமல், பதில் வேறாக வந்தபோதும் சமாதானம் கிடைக்கும் என்று எழுதியதில்தான் அந்நூலின் நம்பகத்தன்மை உள்ளது.

மருத்துவமனைக்குள் ஜெபத்தின் இடத்தை மறுசீரமைத்தவர்களில் இருவர் குறிப்பிடத்தக்கவர்கள். 1920-இல் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு மீண்ட அமெரிக்கப் போதகர் ஆன்டன் பாய்சன், பின்னர் மாசசூசெட்சில் உஸ்டர் மாநில மருத்துவமனையின் ஆன்மீகப் பணியாளரானார். 1925-இல் இறையியல் மாணவர் நால்வரை அங்கே அழைத்து நோயாளிகளிடமிருந்து கற்கச் செய்தார். இன்றைய மருத்துவமனைப் போதகர் பயிற்சி அதிலிருந்து வளர்ந்தது. 1967-இல் இலண்டனில் இறுதிநிலை நோயாளிகளுக்கான செயின்ட் கிறிஸ்டபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல்வலி, மனவேதனை, குடும்பக் கவலை, ஆன்மீகத் தவிப்பு யாவும் சேர்ந்ததே நோயாளியின் வலி என்றார். தம் பணியின் அடிப்படையாக அவர் எடுத்துக்கொண்டது கெத்செமனேயில் இயேசு விடுத்த, உடன் விழித்திருக்கும்படியான வேண்டுகோளை.

ஜெபத்தைச் சோதனைக்கூட முறையில் அளக்கவும் முயன்றிருக்கிறார்கள். 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் இதயத் தமனி மாற்றுவழி அறுவைக்கு உட்பட்ட 1,802 பேர் பங்குகொண்டனர். முகமறியாதோரின் ஜெபத்தால் சிக்கல்கள் குறையவில்லை. தமக்காக ஜெபிக்கிறார்கள் என்று உறுதியாக அறிந்தவர்களுக்குச் சிக்கல்கள் சற்று அதிகமாகவே இருந்தன. இம்முடிவை மறைப்பது நேர்மையாகாது. எனினும் மரபு பேசிய ஜெபம், முதற்பெயரையும் குடும்பப்பெயரின் முதலெழுத்தையும் மட்டும் அறிந்தவர் தொலைவிலிருந்து செய்வதன்று. அழைப்புக்கு வந்து படுக்கையருகில் அமர்ந்தவர் செய்வது. அந்த ஆய்வு இதை அளக்கவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையிலும் பழைய சுருக்கம் தளர்ந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் இந்தச் சடங்கு நோயில்பூசுதல் என்று அழைக்கப்படுவதே பொருத்தம் என்றது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1972-இல் புதிய முறையை ஏற்படுத்தினார். கடுமையான நோயிலும், பெரிய அறுவைக்கு முன்னும், முதுமைத் தளர்ச்சியிலும் இதைப் பெறலாம். நோய் மோசமானால் மறுபடியும் பெறலாம். பலருக்கு ஒரே வழிபாட்டில், சபையார் சூழ வழங்கலாம். 1983-இல் அமெரிக்க மறைமாவட்டங்களில் நடைமுறைக்கு வந்த ஆங்கிலச் சடங்குநூல், கடுமையான மனநோய் உள்ளவர்களும், இதனால் பலம்பெறுவார்கள் எனக் கருதப்பட்டால், எண்ணெய் பூசப்படலாம் என்று வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது.