கரடிக்குப் பயந்து ஸ்பிரே வைத்திருக்கலாமா? சட்டம் சொல்வது என்ன?

களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்தை ஒட்டிய பாபநாசம், சிவசைலம், கடையம் பகுதிகளில் கரடி நடமாட்டம் புதிதல்ல. 2022 நவம்பரில் சிவசைலம் அருகே ஒரே கரடி மூன்று பேரைக் கடித்துக் குதறியது. இருட்டில் தண்ணீர் பாய்ச்சப் போகும் விவசாயிகள் பாதுகாப்புக்குப் பெப்பர் ஸ்பிரே வைத்துக்கொள்ளலாமா?

சொந்தத் தோட்டத்தில்

வைத்துக்கொள்ளலாம். பெப்பர் ஸ்பிரேவுக்குத் துப்பாக்கி போல உரிமம் தேவையில்லை. ஆனால் கடைகளில் கிடைப்பது மனிதர்களுக்கானது. சில அடி தூரமே பாயும். வெளிநாடுகளில் கரடிக்கென்றே தயாராகும் ஸ்பிரே சுமார் 25 அடி பாயும். எதிர்க்காற்றில் அடித்தால் நம் கண்ணே எரியும்.

காப்பகத்துக்குள்

காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கோ மாஞ்சோலைக்கோ போகும்போது கொண்டுபோக வேண்டாம். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972, விலங்கைக் காயப்படுத்தக்கூடிய எந்தக் கருவியையும் ஆயுதம் என்கிறது. சரணாலயத்துக்குள் ஆயுதத்துடன் நுழைய, 31-ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ முன் அனுமதி தேவை. ஸ்பிரே என்று சட்டத்தில் பெயர் இல்லாவிட்டாலும், இந்த விளக்கத்துக்குள் அதைக் கொண்டுவர முடியும். அமெரிக்காவிலும் எல்லோஸ்டோன் பூங்காவில் கரடி ஸ்பிரேவுக்கு அனுமதி உண்டு, யோசெமிட்டியில் தடை.

தாக்க வந்தால்

கரடி முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. அதை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. சுருக்கு வைப்பதும் காயப்படுத்துவதும் வேட்டைதான். ஆனால் தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்துடன் காயப்படுத்த நேர்ந்தால் அது குற்றமல்ல என்கிறது 11-ஆம் பிரிவு. அந்த நேரத்தில் இந்தச் சட்டத்தை மீறி ஏதாவது செய்துகொண்டிருந்தவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

செய்ய வேண்டியவை

* இருட்டில் தனியாகப் போக வேண்டாம். டார்ச் லைட் அடித்து, சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள். திடீரென எதிரில் ஆளைக் கண்டால்தான் கரடி பெரும்பாலும் பாய்கிறது.
* உதிர்ந்த மா, பலாப் பழங்களை அன்றன்றே அப்புறப்படுத்துங்கள்.
* குட்டியுடன் கரடியைக் கண்டால் நெருங்காதீர்கள். ஓடாமல் மெல்லப் பின்வாங்குங்கள்.
* கடிபட்டால் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, 108-ஐ அழையுங்கள். வெறிநாய்க்கடி தடுப்பூசி அவசியம்.
* உடனே வனச்சரக அலுவலகத்தில் தகவல் சொல்லுங்கள். மருத்துவச் சான்றைப் பத்திரப்படுத்துங்கள். நிவாரணத்துக்கு விண்ணப்பிக்க உதவும்.