கணக்குக் காட்டாதவரும் அவர் சுற்றமும்: உத்தரமேரூர் விதிகள், 919–921

உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள முதலாம் பராந்தக சோழனின் இரு கல்வெட்டுகளை, 1904–05ஆம் ஆண்டுத் தொல்லியல் துறை அறிக்கையில் கல்வெட்டாய்வாளர் வெங்கையா விரிவாக ஆராய்ந்தார். அவை பெரும்பாலும், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு எடுக்கும் குடவோலைத் தேர்தலுக்குச் சான்றாகவே பேசப்பட்டு வருகின்றன. ஓலை எடுக்கும் முறையைவிடக் கனமான செய்தி ஒன்று அவற்றில் உண்டு. ஊர்ப் பொதுச் சொத்தை யார் கையில் ஒப்படைக்கலாம், ஒப்படைத்தபின் அவரிடம் எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்ற நெறி அது. இரண்டே ஆண்டுகளில் அந்நெறி இறுகிய விதத்தை இங்கே காண்போம்.

பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டு (919) விதி, தகுதியான மனிதரை வரையறுக்கிறது. வரி செலுத்தும் நிலம் கால் வேலி என்ற அளவுக்கு மேல், சொந்த மனையில் வீடு, முப்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயது, வேதப் பயிற்சி, நேர்வழியில் ஈட்டிய பொருள், தூய மனம். முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில், அதாவது ஊர்ப் பணிகளைக் கவனிக்கும் குழுவில், இருந்தவருக்கு இடமில்லை. அப்போதுதான் விலகியவரின் நெருங்கிய உறவினருக்கும் இல்லை. ஆனால் தூய மனத்தை அளப்பது யார்? அந்த விதியின் பலவீனம் இதுதான்.

14ஆம் ஆட்சியாண்டில் (921) ஊர்ச் சபையான மகாசபை மீண்டும் கூடியது. அரசாணையுடன் சோழநாட்டிலிருந்து வந்த அதிகாரி உடனிருந்தார். வயது முப்பத்தைந்து முதல் எழுபது என மாறியது. அதைவிடப் பெரிய மாற்றம் தகுதியின்மைப் பட்டியலில் நேர்ந்தது. எந்த வாரியத்தில் இருந்தாலும் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலையில் எழுதக் கூடாது. அவருடைய சிற்றவ்வை, பேரவ்வை மக்கள், அத்தை, மாமன் மக்கள், தாயுடன் பிறந்தான், தந்தையுடன் பிறந்தான், உடன்பிறந்தான், மாமனார், மைத்துனன், மருமகன், தந்தை, மகன் என உறவு உறவாகப் பெயர் சொல்லி விலக்கினார்கள். சிலர் கணக்கை முடிக்காமல் நழுவி, அடுத்த ஆண்டு உறவினரை நிறுத்திய அனுபவம் இல்லாமல் இத்தனை நுணுக்கமான பட்டியல் பிறந்திருக்காது என்பது என் கருத்து. தீயோர் கெட்டு நல்லோர் வளர்வதற்காகவே இவ்வேற்பாடு என்று கல்வெட்டே சொல்கிறது.

மனத்தூய்மை முதலிய பழைய தகுதிகள் நீங்கவில்லை. ஆனால் சரிபார்க்கக்கூடிய ஒரு செயல், கணக்கு ஒப்புவித்தல், இப்போது நுழைவாயிலில் நின்றது. பதவிக் காலம் 360 நாள்; குற்றம் கண்டால் இடையிலேயே நீக்கம்.

கணக்கு எழுதுவோருக்கும் தனி விதி உண்டு. நேர்மையாகப் பொருள் ஈட்டியவரே எழுத வேண்டும். தம் கணக்கைச் சபைப் பெருமக்களிடம் ஒப்புவித்துத் தூயவர் என்று ஏற்கப்பட்ட பிறகே மறுபடி அப்பணிக்கு வர முடியும். எழுதியவரே நேரில் ஒப்புவிக்க வேண்டும். அவருக்காக வேறொருவர் புகுந்து கணக்கை முடிக்க இடமில்லை. பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் ஆள் எடுக்கையில், பொய்யாவணம் செய்தவரும் தண்டனையாகக் கழுதை ஏற்றப்பட்டவரும் விலக்கப்பட்டனர்.

இந்நெறியின் எல்லையையும் மறைக்கக் கூடாது. இது நிலமுடைய பிராமணர் சபையின் விதி. அதே ஊரில் உழைத்த பிறருக்கும் பெண்களுக்கும் இந்த வாரியங்களில் பங்கில்லை. இதை மக்களாட்சி என்று கொண்டாடுவது மிகை.

ஆயினும் இதே கவலை இன்றைய சட்டத்திலும் உண்டு. 2013ஆம் ஆண்டு இந்திய நிறுமச் சட்டம், தணிக்கையாளரின் உறவினர் தணிக்கை செய்யப்படும் நிறுவனத்தில் கொண்டுள்ள பணத்தொடர்பையும் தகுதியின்மையாகக் கொள்கிறது. பட்டியலிட்ட நிறுவனங்களில் தனிநபர் தணிக்கையாளர் ஐந்தாண்டுகளுக்குப் பின் விலகி இடைவெளி விட வேண்டும் என்கிறது. உத்தரமேரூர் விதிக்கும் இச்சட்டத்துக்கும் நேரடி மரபுத் தொடர்ச்சி கிடையாது. பிறர் பணத்தைக் காக்கும் பொறுப்பில் உறவும் நீடித்த பதவியுமே முதல் ஆபத்து என்ற முடிவுக்கு இரு காலத்தாரும் தனித்தனியே வந்திருக்கிறார்கள். வணிகவியலும் தணிக்கையும் பயிலும் மாணவர்கள் 921ஆம் ஆண்டு விதியைத் தங்கள் துறையின் ஆவணமாகவே எடுத்துப் படிக்க வேண்டும். ஆசிரியர்கள் அதை வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டும்.