காயலான் கடைக்குப் போகாத டாங்கி

சென்ற வாரம் பிரான்சின் காம்ப்ரே களத்தோடு நிறுத்தியிருந்தேன். 1917 நவம்பர் 20 விடியற்காலையில் 470-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் டாங்கிகள் ஜெர்மானியர்களின் முள்வேலியை மிதித்துத் தள்ளிக்கொண்டு போன கதை அது. 23-ஆம் தேதி இங்கிலாந்தின் தேவாலயங்களில் வெற்றி மணி அடித்தார்கள். 30-ஆம் தேதி ஜெர்மானியர்கள் திருப்பி அடித்தார்கள். பிடித்த நிலத்தில் பெரும்பகுதி ஒரு வாரத்தில் கைநழுவிப் போயிற்று.

இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில், 26-ஆம் தேதி, லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் ஒரு டாங்கி வந்து நின்றது. பெயர் எக்பர்ட், எண் 141. உடம்பில் குண்டு துளைத்த ஓட்டை இருந்தது. அது வந்தது வசூலுக்கு!

நான்காவது வருடத்தில் நடந்துகொண்டிருந்த போர் பிரிட்டிஷ் கஜானாவைத் துடைத்து எடுத்திருந்தது. பணக்காரர்களிடம் கடன் வாங்கியாயிற்று. இனி தையல்காரரிடமும் பள்ளிக்கூடத்துப் பையனிடமும்தான் கை நீட்ட வேண்டும். 15 ஷில்லிங் 6 பென்ஸ் கொடுத்து ஒரு சேமிப்புச் சான்றிதழ் வாங்கினால் ஐந்து வருடம் கழித்து முழு ஒரு பவுனாகக் கிடைக்கும். வசதி உள்ளவர்களுக்கு 5 பவுனில் தொடங்கும் போர்ப் பத்திரங்கள். திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் அஞ்சலகத்துக் கவுண்டரில் போய் வரிசையில் நிற்க யாருக்கு உற்சாகம் வரும்? டாங்கியின் வயிற்றுக்குள் மேசை போட்டு, அதன் பக்கவாட்டுத் திறப்பு வழியாகப் பத்திரத்தை நீட்டினால் வரும். வந்தது. 'டாங்கி வங்கி' என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

எக்பர்ட், ஜூலியன், நெல்சன், டிரேக், ஓல்டு பில், அயர்ன் ரேஷன் என்று ஆறு டாங்கிகள் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து எங்கும் ஊர் ஊராகப் போயின. ரயிலில் வந்து இறங்கும். ஊர் எல்லையிலிருந்து சதுக்கம் வரை, தேர் வருவதுபோல, முன்னும் பின்னும் ஜனம் சூழ நகர்ந்து வரும். மேயர் அதன் முதுகில் ஏறி நின்று பேசுவார். எந்த ஊர் எவ்வளவு கொடுத்தது என்று மறுநாள் பத்திரிகையில் வரும். பக்கத்து ஊருக்குப் பொறுக்காது. கிளாஸ்கோ மட்டும் 1918 ஜனவரியில் ஒரே வாரத்தில் 1 கோடியே 40 லட்சம் பவுனுக்கு மேல் கொட்டியது. அரசாங்கக் கடன் திட்டங்களை எத்தனையோ விதமாக விளம்பரம் செய்திருக்கிறார்கள். இதற்கு இணையான ஒன்றை நான் படித்ததில்லை.

அந்த கிளாஸ்கோ வசூலுக்கு ஒரு பின்கதை உண்டு. ஜூலியன் டாங்கி கூட்டத்துக்கு நடுவே நிற்கும் புகைப்படம் ஒன்று மிகப் பிரபலம். அடுத்த வருடம், 1919 ஜனவரி 31 அன்று, வாரத்துக்கு 40 மணி நேர வேலை கேட்டு கிளாஸ்கோ தொழிலாளர்கள் ஜார்ஜ் சதுக்கத்தில் திரண்டார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. துருப்புகள் வந்தன. இந்தப் போராட்டத்தைப் பற்றிய எழுத்துகளில் ஜூலியனின் படம் புகுந்துகொண்டது: 'தொழிலாளர்களை நசுக்க சர்ச்சில் அனுப்பிய டாங்கி' என்ற விளக்கத்தோடு. உண்மையில் படத்தில் இருக்கும் கூட்டம் பத்திரம் வாங்க வந்த கூட்டம். படம் ஒரு வருடம் முந்தையது. 1919-ல் ஆறு டாங்கிகள் கிளாஸ்கோவுக்கு வந்தது நிஜம். ஆனால் அவை கலவரம் முடிந்து மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 3-ஆம் தேதி வந்து சேர்ந்தன. நகரின் மாட்டுச் சந்தைக் கொட்டகையில் நிறுத்தி வைத்தார்கள். ஜார்ஜ் சதுக்கப் பக்கம் அவை தலைகாட்டவே இல்லை. பழைய புகைப்படத்தைப் பார்க்கும்போது படத்தை நம்பலாம். அடியில் எழுதியிருப்பதைக் கொஞ்சம் சோதித்துவிட்டு நம்புவது நல்லது.

போர் முடிந்தது. கையில் ஏராளமான டாங்கிகள் மிச்சம். வசூலுக்கு நன்றி சொல்ல வேண்டிய ஊர்களும் ஏராளம். தேசியப் போர்ச் சேமிப்புக் குழு இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது. நன்றாகச் சேமித்த ஊர்களுக்கு ஆளுக்கொரு டாங்கி பரிசு! 1919-ல் தொடங்கி 264 டாங்கிகள் இப்படிப் போயின. தலைக்கு அதிகம் கொடுத்த ஊர் என்ற பெருமையோடு வெஸ்ட் ஹார்டில்பூல் எக்பர்ட்டையே தட்டிச் சென்றது.

பரிசளித்த டாங்கிகளில் பலவும் களம் காணாதவை, பயிற்சி முகாமில் உழைத்து ஓய்ந்தவை. டாங்கிப் படை வீரர்கள் ரயில் நிலையத்திலிருந்து ஓட்டி வந்து மேடையில் ஏற்றுவார்கள். பேச்சு, கைதட்டல் எல்லாம் முடிந்ததும், இனி நகர முடியாதபடி இயந்திரத் தொடர்பைக் கழற்றிவிட்டுப் போவார்கள்.

ஊர்களுக்கு அந்த உற்சாகம் அதிக நாள் நீடிக்கவில்லை. முன்னாள் படைவீரர்கள் சிலரே முகம் சுளித்தார்கள். அதில் நியாயம் இருக்கிறது. மார்க் 4 டாங்கிக்குள் எட்டுப் பேர். நடுவில் 105 குதிரைத்திறன் டெய்ம்லர் எஞ்சின். அதற்கும் ஆட்களுக்கும் நடுவே தடுப்பு கிடையாது. புகையும் சூடும் அப்படியே முகத்தில். சத்தத்தில் பேச்சு எடுபடாது. திருப்ப வேண்டுமென்றால், முன்னால் இருக்கும் ஓட்டுநர் எஞ்சின் மூடியில் தட்டிச் சைகை காட்ட, பின்னால் இருக்கும் இரண்டு பேர் கியரை மாற்ற வேண்டும். ஒரு வண்டியை ஓட்ட நாலு பேர். வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர். குண்டு பட்டால் தகட்டின் உட்புறத்திலிருந்து இரும்புச் சிதறல் தெறிக்கும் என்பதால் சங்கிலி வலை தொங்கும் முகமூடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்படிப்பட்ட பெட்டியிலிருந்து உயிரோடு வெளியே வந்தவனுக்கு, பூங்காவில் பூச்செடிகளுக்கு நடுவே அதையே தினமும் பார்க்க வேண்டும் என்றால் எப்படி இருக்கும்?

1920-களில் ஒவ்வொரு ஊரும் இறந்தவர்களின் பெயர் பொறித்துத் தன் சொந்த நினைவுச்சின்னத்தை எழுப்பியது. மலர்வளையம் அங்கே போயிற்று. டாங்கி துருப்பிடித்தது. அடுத்த பத்து வருடத்தில் போர் எதிர்ப்பு மனநிலையும் சேர்ந்துகொள்ள, நகராட்சிகள் ஒவ்வொன்றாகத் தீர்மானம் போட்டு டாங்கியைக் காயலான் கடைக்கு அனுப்பின. எக்பர்ட்டும் 1937-ல் போய்விட்டது. மிஞ்சிய சிலவற்றை அடுத்த உலகப் போரின் இரும்புப் பசி தின்று தீர்த்தது. 264-ல் பிரிட்டனில் அதே ஊரில் இன்றும் நிற்பது ஒன்றே ஒன்று. கென்ட் மாவட்டத்து ஆஷ்ஃபோர்டு டாங்கி.

அது தப்பித்த காரணத்தில்தான் எனக்கு இந்தக் கதையே பிடித்தது. 1919 ஆகஸ்ட் 1 அன்று செயின்ட் ஜார்ஜ் சதுக்கத்துக்கு வந்த டாங்கி, எண் 245. மார்க் 4 டாங்கிகளில் 'ஆண்', 'பெண்' என்று இரண்டு வகை. ஆண் வகைக்கு இரண்டு பீரங்கிகள் உண்டு. பெண் வகையில் இயந்திரத் துப்பாக்கிகள் மட்டும். ஆஷ்ஃபோர்டுடையது பெண். மற்ற ஊர்கள் தங்கள் டாங்கியை எப்போது விற்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த 1929-ல், ஆஷ்ஃபோர்டு நகரம் எஞ்சினையும் உள்சாமான்களையும் பிடுங்கிவிட்டு அதற்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மரை இறக்கியது. டாங்கி துணை மின்நிலையமாயிற்று. அதற்குப் பிறகு யார் கை வைப்பார்கள்? கை வைத்தால் ஊருக்குக் கரன்ட் போகும். இரண்டாம் உலகப் போரில் பூங்காக் கம்பி வேலிகளைக்கூட அறுத்து எடுத்தபோதும் இந்த டாங்கியைத் தொடவில்லை. 1968 வரை மின்சாரம் கொடுத்தது. இப்போது மேலே கூரை போட்டுப் பாதுகாக்கிறார்கள். நான்கு புறமும் ரிவெட் தலைகள் வரிசை கட்டிய சாய்சதுர உடம்பையும், அதை முழுக்கச் சுற்றிவரும் இரும்புப் பட்டையையும் சாலையோரத்தில் நின்றே பார்க்கலாம்.

நகர்மன்றத் தீர்மானமோ வீர உரையோ அதைக் காப்பாற்றவில்லை. உபயோகம் காப்பாற்றியது.

உலகத்தில் மிஞ்சியிருக்கும் மார்க் 4 டாங்கிகளே ஏழுதான். அதில் இன்னொரு பெண் வகை டாங்கியையும் சொல்லாமல் விட மனமில்லை. டெபோரா, எண் டி 51. அவள் போட்டது நிஜச் சண்டை. காம்ப்ரே தாக்குதலின் முதல் நாளே, ஃப்ளெஸ்கியேர் கிராமத்தில் பீரங்கிக் குண்டுகள் பாய்ந்து நின்றுபோனாள். உள்ளே இருந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். பிறகு அந்த டாங்கியைப் பள்ளத்தில் தள்ளிப் பதுங்கு அறையாகப் பயன்படுத்தினார்கள், மண் மூடிவிட்டது. பிலிப் கோர்சின்ஸ்கி என்ற உள்ளூர்க்காரர் பல வருடம் தேடி, 1998 நவம்பரில் அதைத் தோண்டி வெளியே எடுத்தார். பெயின்ட் அடிக்கவில்லை, ஓட்டையை அடைக்கவில்லை. கிழிந்த முன்பக்கத்தோடு அப்படியே 2017-ல் ஒரு அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே அந்த வீரர்களின் கல்லறை.

டாங்கியைக் காட்சிக்கு வைக்கும் விதங்களில் ஃப்ளெஸ்கியேர் முறைக்குத்தான் என் ஓட்டு.

ஒரு டாங்கி நினைவுச்சின்னத்தை மக்களுக்குப் பிடிக்காமல் போனால் விற்கத்தான் வேண்டுமா? வேறு வழியும் உண்டு என்று 1991-ல் ப்ராக் நகரில் டேவிட் செர்னி என்ற கலை மாணவர் காட்டினார். சோவியத் டாங்கி ஒன்றுக்கு இளஞ்சிவப்பு பெயின்ட் அடித்தார். நாடாளுமன்றம் வரை போன அந்த வழக்கை அடுத்த வாரம் பார்க்கலாம்.