சருகுமானும் எல்க்கும்

ஆப்பிரிக்காவில் முயலை விடக் கொஞ்சம் பெரிய ஒரு மான் இனம் இருக்கிறது. பேர் டிக்-டிக். ஆபத்து வந்தால் அது போடும் சத்தமே அதன் பேர். அங்கேயே டைக்கர் என்று இன்னொன்று. தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்கள் வைத்த பேர் அது. முக்குளிப்பவன் என்று அர்த்தம். பயந்தால் புதருக்குள் முங்கிவிடுமாம். ரெண்டுமே நின்று பார்த்து, கேட்டு வைத்த பேர்.

நம்ம சருகுமானும் அப்படித்தான். சருகுக்குள் படுத்தால் கண்ணுக்குத் தெரியாது. உண்மையில் அது மான் குடும்பமே இல்லை. கொம்பு கிடையாது, ஆணுக்குச் சின்னக் கோரைப்பல் மட்டும். சிங்களத்தில் மீமின்னா. கண்டி ராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை கைதியாக இருந்த ராபர்ட் நாக்ஸ், 1681இல் வந்த தன் புத்தகத்தில், முயல் அளவுதான், ஆனால் அச்சு அசல் மான் என்று இதைப் பற்றி எழுதி, ஊர்ச்சனம் சொன்ன பேரையே போட்டார். 1777இல் எர்க்ஸ்லேபன் வைத்த விஞ்ஞானப் பேரிலும் அந்த 'மெமின்னா' ஏறிவிட்டது.

கைதிக்குக் கேட்காமல் வழியில்லை. துப்பாக்கி வைத்திருந்தவர்கள் கதை வேறு. 1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், வேட்டைநாய்களை விட்டு மரையைத் துரத்தினார். எழுதியது மட்டும் 'எல்க்' என்று. எல்க் ஐரோப்பாக் குளிர்காட்டு விலங்கு. இங்கே இருப்பது இந்தியாவின் சாம்பார் மான்தான் என்பது அவருக்கே தெரியும். இருந்தாலும் வெள்ளைக்காரத் துரைமார் எல்லாருக்கும் அது எல்க்தான். நுவரெலியாப் பக்கத்தில் எல்க் பிளெய்ன்ஸ் என்று ஊரே இருக்கிறது. அங்கே ஒரு எல்க்கும் மேய்ந்ததில்லை.

வேறொரு ஊரின் பேரை இங்கே இருப்பவர் மேல் ஒட்டுவது மரையோடு நிற்கவில்லை. 1911 குடிசன மதிப்பீட்டில், இந்த லயங்களிலேயே பிறந்தவர்களும் 'இந்தியத் தமிழர்' என்று தனியாக எழுதப்பட்டார்கள். 1948இல் குடியுரிமை பறிபோனபோது அந்த 'இந்திய' எவ்வளவு வசதியாக இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். மலையகத் தமிழர் என்ற பேரை நாமே வைத்துக்கொண்டதற்குப் பின்னால் இதுவும் இருக்கிறது.

சருகுமான் இன்னும் இருக்கிறது. கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் காட்டை வெட்டியதில் சருகு விழுகிற இடம்தான் குறைந்துபோனது. மலை உச்சியிலும் ஆற்றோரத்திலும் மிஞ்சிய துண்டுக் காடுகளில், இருட்டினதும் வெளியே வரும்.